டிஜிட்டல் மாதிரி ரயிலில் மின்கோளாறா? டிகோடருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அடாப்டரைச் சோதியுங்கள்

டிசிசி முறையில் (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வோர் இன்ஜினையும் தனித்தனியே இயக்கும் முறை) மாதிரி ரயில் ஓட்டும் நண்பர்கள், இன்ஜின் நடுவழியில் நின்று, அதன் ஒலி முதலிலிருந்து மீண்டும் தொடங்கினால், "டிகோடர் போய்விட்டது" (டிகோடர் என்பது இன்ஜினுக்குள் இருந்து கட்டளையைப் படித்து அதை இயக்கும் சிறு மின்னணுப் பலகை) என்று சொல்லும் விற்பனையாளரை உடனே நம்பிவிட வேண்டாம். அமெரிக்கக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இறக்குமதி செய்து விற்று, வீட்டுக்கு வந்து வயரிங்கும் செய்து தரும் ஒருவரிடம் நான் வாங்கிய அமைப்பில், இந்தக் கோளாறைக் காரணம் காட்டி முதலில் டிகோடர்களை மாற்றினார்கள். அதற்குப் பிறகும் சரியாகாததால், கட்டுப்பாட்டுப் பெட்டியையே பழுதுபார்க்க வேண்டும் என்று எடுத்துச் சென்று, "சர்வீஸ் கட்டணம்" என்று ஒரே வரியில் ரசீது எழுதிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த பெட்டியின் திருகின் மேல் உற்பத்தியாளர் ஒட்டியிருந்த முத்திரைத்தாள் கிழியாமல் அப்படியே இருந்தது. அதைக் கிழிக்காமல் அந்த மூடியைத் திறக்க வழியில்லை. திறந்தே பார்க்காத பெட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

அவர்கள் சொன்னது நம்பும்படியாக இருந்ததற்குக் காரணம் உண்டு. டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். எச்ஓ எனப்படும் மாதிரி அளவு ரயில்களுக்கு அது பெரும்பாலும் 14 அல்லது 15 வோல்ட். மின்துடிப்பின் ஒவ்வொரு பாதியும் ஏறத்தாழ 58 மைக்ரோவினாடி நீடித்தால் '1', 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் '0' என்று படித்துத்தான் டிகோடர் கட்டளையைப் புரிந்துகொள்கிறது. மின்னழுத்தம் தேவைக்குக் கீழே சரிந்துவிட்டால் டிகோடர் அணைந்து புதிதாகத் தொடங்கும். ஆகவே பழுதான டிகோடருக்கும், போதிய மின்சாரம் கிடைக்காத நல்ல டிகோடருக்கும் வெளியில் தெரியும் அறிகுறி ஒன்றேதான். மீட்டர் வைத்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டபோது, வந்திருந்த தொழில்நுட்பர் "அதெல்லாம் வேண்டாம் சார், இது டிகோடர்தான்" என்று முடித்துவிட்டார். அளக்க மறுப்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

உண்மையான கோளாறு அடாப்டரில் இருந்தது. பெட்டியுடன் வந்த அடாப்டர் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியது. நம்முடைய 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துவிடும் என்பதால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்திருந்தார்கள். அது வரை நியாயம்தான். ஆனால் கொடுத்தது "15 வோல்ட், 5 ஆம்பியர்" என்று அச்சிட்ட, கையில் எடுத்தாலே எடையில்லாத ஒரு மலிவுச் சரக்கு. சுமை இல்லாமல் அளந்தால் சரியாக 15 வோல்ட் காட்டியது. கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்புகள் இரண்டை அதன் வெளியீட்டில் பக்க இணைப்பாகக் கொடுத்தேன். அவை எடுப்பது ஏறத்தாழ 4 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் தரும் அடாப்டர் என்றால் மின்னழுத்தம் பெரிதாக அசையக் கூடாது. இதுவோ 10 வோல்ட்டுக்கும் கீழே விழுந்தது. இந்தச் சோதனையைச் சில வினாடிகளில் முடித்துக்கொள்ளுங்கள். பல்பு கையைச் சுடும்.

வயரிங்கிலும் இதே கதைதான். மேசைக்கு அடியில் பிரதான இணைப்புக்குத் தொலைபேசி வயர் போன்ற மெல்லிய வயரைப் போட்டிருந்தார்கள். 0.2 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 3 ஆம்பியர் 5 மீட்டர் போய்த் திரும்பினாலே ஏறத்தாழ இரண்டரை வோல்ட் வீணாகும். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு கால் வோல்ட்டைக்கூடத் தொடாது. மின்னழுத்த இழப்பைவிட எனக்குக் கவலை அளித்தது பாதுகாப்பு. தண்டவாளத்தின் குறுக்கே ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்தால் பூஸ்டர் (தண்டவாளத்துக்கு மின்சாரம் அனுப்பும் பகுதி) உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மெல்லிய வயரின் மின்தடையால் மின்னோட்டம் போதிய அளவு ஏறாததால், என் மேசையின் கடைசி முனையில் அது துண்டிக்கவில்லை. நாணயம் சூடேறத் தொடங்கியது. தடம்புரண்ட ஓர் இன்ஜின் அந்த இடத்தில் ஷார்ட் ஆகியிருந்தால், அதன் சக்கரங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் சட்டமும் கீழே உள்ள ஸ்லீப்பர் கட்டைகளும் உருகியிருக்கும். குழந்தைகளும் நிற்கும் மேசை அது.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக அமைந்தது. பல்லாயிரம் ஹெர்ட்ஸில் மாறும் டிசிசி மின்சாரத்தை அது துல்லியமாகக் காட்டாது. எனினும் பூஸ்டருக்கு அருகிலும் கடைசி முனையிலும் ஒரே சுமையில் அளந்து ஒப்பிட்டால், எங்கே இழப்பு என்பது தெரிந்துவிடும். ஒலி டிகோடர் பொருத்திய பல இன்ஜின்கள் ஒரே நேரத்தில் மின்சாரம் பெறும்போது அவற்றின் மின்தேக்கிகள் நிரம்பும் வேகத்தை பூஸ்டர் ஷார்ட் என்று எண்ணித் துண்டிப்பதும் உண்டு. அதற்கு விற்பனையாளரைக் குறை சொல்ல முடியாது.

அடாப்டரையும் வயரையும் மாற்றிய பிறகு, பழுது என்று கழற்றிய பழைய டிகோடர்களையே மீண்டும் பொருத்தினேன். எல்லாம் சீராக ஓடுகின்றன. இதைக் காட்டிப் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குப் பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளித்திருக்கிறேன். இதே போன்ற அடாப்டர் உங்களிடமும் இருந்தால், அதன் அடிப்பக்க அச்சையும் ரசீதையும் படமெடுத்து வையுங்கள். கழற்றிய டிகோடரைக் கடையில் விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர 2 ஆண்டுகள் வரைதான் அவகாசம் உண்டு.