குரூப்பா, பிளாக்கா, எக்ஸ்ரெஃபா? ஆட்டோகேடில் தொகுப்புக்குள் தொகுப்பு

நாலு மாடிக் கட்டடம். மாடிக்கு இரண்டு வீடு, வீட்டுக்கு இரண்டு டாய்லெட், ஆக 16 டாய்லெட். ஒவ்வொன்றிலும் கிளாசெட், வாஷ் பேசின், கதவு. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பிளான் பாதி முடிந்த நிலையில் "டாய்லெட் கதவை எல்லாம் 750 மி.மீ. ஆக்கிடுங்க" என்று ஆர்க்கிடெக்ட் சொல்கிறார். ஒரே திருத்தத்தில் முடியுமா, பதினாறு இடத்திலும் கை வைக்க வேண்டுமா என்பது குரூப், பிளாக், எக்ஸ்ரெஃப் மூன்றில் நீங்கள் முதலிலேயே எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது.

குரூப் போடுவது சுலபம் என்பதால் பலரும் அதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் குரூப் என்பது எந்தெந்தக் கோடுகளைச் சேர்த்துத் தேர்வு செய்ய வேண்டும் என்ற பட்டியல் மட்டுமே. குரூப்புக்குள் குரூப் போட்டாலும் உள்ளே மரம்போன்ற அடுக்கு உருவாவதில்லை. ஒரே பொருள் இரண்டு பட்டியலில் இடம்பெறுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அன்குரூப் கொடுக்கும்போது எந்தக் குரூப்பைக் கலைக்கட்டும் என்று மென்பொருள் திருப்பிக் கேட்கிறது. காப்பி எடுத்த பிறகு பிரதிகளுக்குள் எந்தத் தொடர்பும் கிடையாது. கதவை மாற்ற வேண்டுமென்றால் பதினாறையும் தனித்தனியாகத் தொட்டே ஆகவேண்டும். குரூப்பின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: கண்ட்ரோல்-எச் அழுத்தினால் பிக்ஸ்டைல் (குரூப்பாகச் சேர்த்துத் தேர்வதா என்ற அமைப்பு) மாறி, உள்ளே இருக்கும் ஒற்றைக் கோட்டை உடனே நகர்த்தலாம். டிசைன் இன்னும் முடிவாகாத நாட்களில், சோபா செட்டை இங்கும் அங்கும் தள்ளிப் பார்க்க இதைவிட வசதியானது இல்லை.

மேலே சொன்ன வேலைக்கு என் ஓட்டு பிளாக்குக்குத்தான். பிளாக் என்பது ஒருமுறை வரைந்து பெயர் வைத்து, வேண்டிய இடத்தில் எல்லாம் போட்டுக்கொள்ளும் படத்துண்டு. கதவு ஒரு பிளாக், அது டாய்லெட் பிளாக்குக்குள், டாய்லெட் வீட்டு பிளாக்குக்குள். பெடிட் (BEDIT, பிளாக்கைத் திருத்தும் கட்டளை) கொடுத்துக் கதவைத் திருத்திச் சேமித்தால் எத்தனை அடுக்குக்குள் இருந்தாலும், மிரர் செய்து வைத்திருந்தாலும் மாறிவிடும். அதே கதவு பிளாக்கை வேறு அறையிலும் போட்டிருந்தால் அதுவும் சேர்ந்து மாறும். அது வேண்டாமென்றால் திருத்துவதற்கு முன்பே வேறு பெயரில் சேமித்து, டாய்லெட் பிளாக்குக்குள் அந்தப் புதிய பெயருள்ள கதவைப் போட்டுவிடுங்கள். சுவரில் விட்ட திறப்பு கதவு பிளாக்கில் இல்லையென்றால் அதைத் தனியாகத்தான் சரிசெய்ய வேண்டும்.

பிளாக்குக்குள் பிளாக் என்று அடுக்கு கூடக்கூட லேயர் (கோடுகளை வகைபிரித்து வைக்கும் கண்ணாடித் தாள் போன்றது) தான் ஆளைப் படுத்தும். லேயர் 0-வில் வரைந்த கோடு, பிளாக்கை எந்த லேயரில் வைக்கிறோமோ அதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். வெளி பிளாக்கைப் பர்னிச்சர் லேயரிலும் உள்ளே இருக்கும் பேசின் பிளாக்கைப் பிளம்பிங் லேயரிலும் வைத்தால், பேசின் பிளம்பிங்கைத்தான் பின்பற்றும். இப்போது பர்னிச்சர் லேயரை ஆஃப் செய்தால் பேசின் திரையில் அப்படியே நிற்கும். ஃப்ரீஸ் செய்தால் பிளாக் முழுக்கவே மறையும். இந்த வித்தியாசம் தெரியாமல், பிளாக் கெட்டுப்போனது என்று நினைத்து எக்ஸ்ப்ளோட் செய்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எக்ஸ்ப்ளோட் ஒரு அடுக்கைத்தான் உடைக்கும், ஆனால் உடைத்த இடத்தில் வெளி பிளாக்குடன் இருந்த தொடர்பு அறுந்துவிடும். உள்ளே இருப்பதில் ஒன்று மட்டும் வெளியே தேவையென்றால் என்காப்பி (NCOPY) கட்டளை இருக்கிறது. ஆட்ரிப்யூட் (பிளாக்கில் நிரப்பிய விவரம்) எழுத்துகளோடு உடைத்தே தீரவேண்டுமென்றால் பர்ஸ்ட் (BURST) கட்டளை கொடுங்கள். எக்ஸ்ப்ளோட் செய்தால் மதிப்புகள் போய் டேக் பெயர்கள்தான் மிஞ்சும்.

வீடு வரைக்கும் பிளாக் போதும். மாடி முழுவதையும் ஒரு பிளாக்காக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே எக்ஸ்ரெஃப் (வேறொரு கோப்பை உங்கள் கோப்பில் இணைத்துக் காட்டுவது) நல்லது: ஒருவர் ஸ்ட்ரக்சர் கோப்பிலும் இன்னொருவர் பிளம்பிங் கோப்பிலும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். இணைக்கும்போது அட்டாச் கொடுத்தால், உங்கள் கோப்பை வேறொருவர் இணைக்கும்போது நீங்கள் இணைத்த கோப்பும் கூடவே போகும்; ஓவர்லே கொடுத்தால் போகாது. பலர் ஒருவர் கோப்பை ஒருவர் இணைத்துக்கொள்ளும் ஆபீஸில் ஓவர்லேயே வழக்கமாக இருக்கட்டும். கடைசியில் ஒரே கோப்பாக அனுப்பச் சொன்னால் பைண்ட் செய்து, இணைத்ததை உங்கள் கோப்புக்குள்ளேயே சேர்த்துவிடலாம். அதில் 'பைண்ட்' வகையைத் தேர்ந்தால் லேயர் பெயர்களின் முன்னால் கோப்பின் பெயர் ஒட்டிக்கொண்டு பட்டியல் நீண்டுவிடும். 'இன்செர்ட்' வகையில் பெயர்கள் சுத்தமாக வரும், ஆனால் ஒரே பெயரில் இரண்டு பிளாக் இருந்தால் உங்கள் கோப்பில் ஏற்கெனவே இருப்பதுதான் நிற்கும்.