வேலைக்குக் கிளம்பிய எலக்ட்ரீஷியன்: ‘சஸ்பெக்ட்’ தொடர் பார்த்தேன்

‘சஸ்பெக்ட்: தி ஷூட்டிங் ஆஃப் ஜீன் சார்லஸ் டி மெனெசஸ்’ என்ற நான்கு பாகத் தொடர் 2025 ஏப்ரலில் டிஸ்னி பிளஸ்ஸில் வெளியானது. லண்டனில் நடந்த உண்மைச் சம்பவம். தக்கலையில் வயரிங் வேலை பார்க்கிற எனக்கு, சுடப்பட்டவர் ஓர் எலக்ட்ரீஷியன் என்பதே முதலில் தைத்தது. பிரேசிலில் இருந்து பிழைக்கப் போன 27 வயதுப் பையன். ஃபயர் அலாரம் ஒன்றைச் சரிசெய்யக் கிளம்பியவன். நம் மாவட்டத்தில் இருந்து இதே தொழிலை நம்பி வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

2005 ஜூலை 7-ல் லண்டன் குண்டுவெடிப்பில் 52 பேர் இறந்தார்கள். 21-ம் தேதி மறுபடியும் குண்டு வைத்தார்கள்; அவை சரியாக வெடிக்கவில்லை, வைத்தவர்கள் தப்பிவிட்டார்கள். வைத்தவர்களில் ஒருவனின் பையில் கிடைத்த ஜிம் (உடற்பயிற்சிக் கூட) கார்டை வைத்து ஓர் அடுக்குமாடியைப் போலீஸ் கண்காணித்தது. மறுநாள் காலை அதே வாசல் வழியாக ஜீன் சார்லஸ் வெளியே வருகிறார். படம் எடுக்க வேண்டிய காவலர் அந்த நேரம் பார்த்து ஒன்றுக்குப் போயிருந்தார். பிரிக்ஸ்டன் ரயில் ஸ்டேஷன் பூட்டிக் கிடந்ததால் இறங்கிய பஸ்ஸிலேயே திரும்ப ஏறுகிறார். ஆள் நம்மை ஏய்க்கப் பார்க்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். மார்த்தாண்டத்தில் பஸ் மாறி ஏறாத ஆள் உண்டா?

ரயிலுக்குள் போலீஸ் அவரைச் சுடும் காட்சியில் என் வீட்டுக்காரி, “அந்தப் பய கையில ஒண்ணுமே இல்லியே” என்று எழுந்தே போய்விட்டாள்.

இந்தத் தொடர் பெரிய வேலை செய்வது அதற்கப்புறம்தான். கனமான கோட்டு போட்டிருந்தான், டிக்கெட் தடுப்பைத் தாண்டிக் குதித்தான் என்றெல்லாம் செய்தி பரவியது. உண்மையில் அவர் போட்டிருந்தது சாதாரண டெனிம் ஜாக்கெட். இலவசப் பேப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டு, கார்டைத் தேய்த்துத்தான் உள்ளே போயிருக்கிறார். போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் ஆணையத்தில் செயலாளராக இருந்த லானா என்ற பெண் அந்தப் பொய்யைத் தாங்க முடியாமல் உண்மையைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். கைதானவர் அவர்! எனக்கு இதில் பிடித்த பாத்திரமே அவர்தான். லாரா ஐக்மன் நன்றாக நடித்திருக்கிறார்.

போலீஸின் பதற்றத்தையும் தொடர் மறைக்கவில்லை. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றபோது இங்கேயும் தேடுதல் வேட்டை நடந்தது. அதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பதற்றம் புரியும். ஆனால் பதற்றம் ஒன்று, ஆள் செத்தபிறகு அவர்மேல் பழி போடுவது வேறு. சுட்டதற்காக ஒரு போலீஸ்காரர் மீதும் வழக்கு நடக்கவில்லை. 2007-ல் பாதுகாப்புச் சட்டப்படி காவல்துறைக்கு 1,75,000 பவுண்டு அபராதம் மட்டும் விதித்தார்கள். அன்றைய நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய கிரெசிடா டிக் மீது தனிப்பட்ட குற்றம் இல்லை என்றது ஜூரி. 2017-ல் அவர் லண்டன் போலீஸ் கமிஷனரே ஆனார்.

குறையும் உண்டு. அதிகாரிகள் கூட்டம் அதிகம். யார் எந்தப் பதவி என்று பிடிபடுவதற்குள் காட்சி நகர்ந்துவிடுகிறது. ஜீன் சார்லஸாக வரும் எடிசன் அல்கைடேவுக்கும் பிரேசில் குடும்பத்துக்கும் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். ஆங்கில உச்சரிப்பு வேகமானது, சப்டைட்டில் இல்லாமல் எனக்கு ஓடாது. சுடும் காட்சி கடுமையானது, பிள்ளைகள் தூங்கியபிறகு போடுங்கள். முதல் பாகம் மெதுவாகப் போகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், லானா வரும் கடைசிப் பாகங்கள் வரை பாருங்கள்.