லைசென்ஸ் திரும்ப வந்தது, காருக்கு இன்சூரன்ஸ் இல்லை: டெக்சாஸில் எஸ்ஆர்-22 எடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

டாலஸைச் சுற்றி ஃபிரிஸ்கோ, பிளானோ, இர்விங் பக்கம் இருக்கும் நம்மவர்களில் யாராவது லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆகி, எஸ்ஆர்-22 (இன்சூரன்ஸ் இருக்கிறது என்று கம்பெனியே அரசுக்கு அனுப்பும் சான்று) கொண்டு வா என்ற கடிதத்தோடு அலைந்துகொண்டிருந்தால், ஏஜென்ட் கடைக்குள் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

2019இல் பழைய கொரோலா ஒன்று வாங்கிய புதிதில் இன்சூரன்ஸ் போடாமல் ஓட்டி ஒரு டிக்கெட் வாங்கினேன். ஃபைன் கட்டினேன், மறந்துவிட்டேன். போன வருஷம் கிரெடிட் கார்டு காலாவதியாகிப் புதுக் கார்டு வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பழைய நம்பரே கிடந்தது. தவணை ஏறவில்லை, பாலிசி ரத்து. அதைச் சொன்ன ஈமெயில் ஸ்பாமில் தூங்கிக்கொண்டிருந்தது. இங்கே போலீஸ்காரர் காரை நிறுத்துவதற்கு முன்பே நம்பர் பிளேட்டை வைத்து இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பார்த்துவிட முடியும், டெக்சாஸ்ஷூர் என்று அதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அப்படித்தான் மாட்டி இரண்டாவது டிக்கெட் வாங்கினேன். அதையும் ஆன்லைனில் ஃபைன் கட்டி முடித்தேன். தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். ஃபைன் கட்டுவதே குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு இரண்டாவது தடவை தண்டனை பதிவானால் லைசென்ஸ் போய்விடும். டிபிஎஸ் (இங்கே லைசென்ஸ் கொடுக்கும் மாநிலத் துறை) அனுப்பிய கடிதம் பழைய அபார்ட்மெண்டுக்குப் போயிருந்தது. வீடு மாறினால் 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும், அதையும் நான் செய்யவில்லை.

நான் இருக்கும் ஃபிரிஸ்கோ, டாலஸ் பக்கத்து பஸ், ரயில் ஓட்டும் டார்ட் அமைப்பில் சேராத ஊர். கார் இல்லாமல் பால் வாங்கக்கூட நாதியில்லை. மனைவிக்கு இன்னும் லைசென்ஸ் ஆகவில்லை, பையனுக்கு டேகேர். அவசரத்தில் இருக்கிறவனை ஏமாற்றுவது சுலபம், நான் அந்த நிலைமையில்தான் போய் உட்கார்ந்தேன்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் சொன்ன கடை. மளிகைக் கடைக்கும் நெயில் சலூனுக்கும் நடுவே ஒரு சின்ன அறை, வாசலில் 'எஸ்ஆர்-22 இன்றே' என்று பேனர். உள்ளே இருந்த பையன் நம்ம ஊர்ப் பக்கம். பேரைச் சொல்லப் போவதில்லை, கடை பேரையும் சொல்லப் போவதில்லை. "அண்ணா, இதெல்லாம் ஒரு விஷயமே இல்ல, டெய்லி நாலு பேருக்குப் பண்றேன். மாசம் நாப்பத்தேழு டாலர்ல முடிச்சுத் தரேன்" என்றான். இரண்டு பெரிய கம்பெனிகளில் நான் ஏற்கெனவே விசாரித்திருந்தேன், 140க்குக் கீழே யாரும் இறங்கவில்லை. "எப்படிப்பா இவ்வளவு கம்மி?" என்று கேட்டேன். "நமக்குன்னு ஒரு கம்பெனி இருக்குண்ணா, விடுங்க" என்று டேப்லெட்டை நீட்டினான். விரலால் ஏழெட்டு இடத்தில் கையெழுத்து. ஒவ்வொரு பக்கமும் கண்ணில் பட்டு மறைந்தது.

அன்று கட்டிய தொகை 312 டாலர். ரசீதை வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன்: இரண்டு மாதப் பிரீமியம் 94, எஸ்ஆர்-22 ஃபைலிங் 25, ஏஜென்சி கட்டணம் 75, மோட்டார் கிளப் மெம்பர்ஷிப் 118. மோட்டார் கிளப் என்றால் டயர் பஞ்சரானால் வண்டி அனுப்புவார்களாம். நான் கேட்கவே இல்லை. போன் போட்டால், "அது பேக்கேஜ்ல வரும்ணா." சரி போகட்டும், லைசென்ஸ் வந்தால் போதும் என்று விட்டேன்.

லைசென்ஸ் வந்தது! அதுதான் இதில் கொடுமை. எஸ்ஆர்-22 டிபிஎஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது, 100 டாலர் கட்டணமும் கட்டினேன், மூன்றே வாரத்தில் ஆன்லைனில் என் பெயருக்கு எதிரே தடை நீங்கிவிட்டது. அந்தப் பையனைப் பற்றி அதே குரூப்பில் நாலு நல்ல வார்த்தை எழுதினேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்து வீட்டு எஸ்யூவியின் கதவில் இடித்துவிட்டேன். இடித்த சத்தத்தைவிடக் கதவில் விழுந்த பள்ளம் பெரிது. கிளெய்ம் போட்டேன். கம்பெனியில் பேசிய அம்மா கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கொரோலா யார் பெயரில் இருக்கிறது?" என் பெயரில்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு நிதானமாகச் சொன்னார்: "உங்களுடையது கார் சொந்தமாக இல்லாதவர்களுக்கான பாலிசி. உங்கள் சொந்தக் காருக்கு இது செல்லாது."

நான்-ஓனர் பாலிசி என்று ஒன்று இருக்கிறது. மோசடி ஒன்றும் இல்லை, நல்ல விஷயம்தான். சொந்தமாகக் கார் இல்லாமல், எப்போதாவது இரவல் வண்டியோ வாடகை வண்டியோ ஓட்டுகிறவர் லைசென்ஸைத் திரும்ப வாங்க அதை எடுப்பார். விலை மலிவு. அதை வைத்தும் எஸ்ஆர்-22 போகும். டிபிஎஸ் பார்ப்பது அந்தச் சான்று வந்ததா இல்லையா என்பதை மட்டும்தான். கடை வாசலில் என் கொரோலா நின்றதை அவன் கண்ணாடி வழியாகப் பார்த்தான், "நல்ல கண்டிஷன்ல வச்சிருக்கீங்கண்ணா" என்றுகூடச் சொன்னான். ஆனால் விண்ணப்பத்தில் 'எனக்குச் சொந்தமாக வாகனம் இல்லை' என்ற வரிக்கு நேரே என் கையெழுத்து. கம்பெனியிடம் சண்டை போட எனக்கு ஒரு நூலிழைகூட இல்லை. கதவுக்கு 1,840 டாலர் கையிலிருந்து கொடுத்தேன். அந்த இரண்டு மாதமும் மறுபடி இன்சூரன்ஸ் இல்லாமல்தான் ஓட்டியிருக்கிறேன் என்பது பிறகுதான் மண்டையில் ஏறியது. வழியில் நிறுத்தியிருந்தால் மூன்றாவது தடவை.

கடைக்குப் போனேன். "நீங்கதானேண்ணா கம்மியா வேணும்னீங்க" என்றான். அதோடு விடவில்லை: "இத கேன்சல் பண்ணிட்டு அடுத்த வாரம் வாங்க, வேற போட்டுத் தரேன்." அப்படி மட்டும் செய்துவிடாதீர்கள். எஸ்ஆர்-22 இருக்கும் பாலிசி ரத்தானால் கம்பெனி எஸ்ஆர்-26 என்ற இன்னொரு படிவத்தை டிபிஎஸ்ஸுக்கு அனுப்பிவிடும், லைசென்ஸ் மறுபடி போகும். புதுப் பாலிசி நடைமுறைக்கு வந்து, அதன் எஸ்ஆர்-22 டிபிஎஸ்ஸில் ஏறிய பிறகுதான் பழையதை நிறுத்த வேண்டும். இதை எனக்குச் சொன்னது புதுக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை, இலவசமாக.

இப்போது கம்பெனியிடமே நேராக எடுத்திருக்கிறேன். மாதம் 148. டெக்சாஸின் குறைந்தபட்ச அளவுதான்: காயத்துக்கு ஒருவருக்கு 30,000, ஒரு விபத்துக்கு 60,000, சொத்துச் சேதத்துக்கு 25,000 டாலர். பாலிசி வந்ததும் டிக்ளரேஷன் பக்கத்தை (யாருக்கு, எந்தக் காருக்கு, எவ்வளவுக்கு என்று சுருக்கமாகப் போட்டிருக்கும் பக்கம்) திறந்து, என் பெயரும் காரின் விஐஎன் நம்பரும் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) இருக்கின்றனவா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். பழைய பாலிசியில் அந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் வாகனம் என்ற இடமே காலியாக இருந்தது தெரிந்திருக்கும். குடும்பத்தோடு சேர்ந்த பாலிசி எடுக்கிறவர்கள், விலை குறைக்கிறேன் என்று உங்களையே 'விலக்கப்பட்ட ஓட்டுநர்', அதாவது நீங்கள் ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது, என்று போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். எஸ்ஆர்-22 என்பது ஒரு சான்று மட்டுமே. பர்ஸில் இருக்கும் சாதாரண இன்சூரன்ஸ் கார்டை அதற்குப் பதிலாக டிபிஎஸ் வாங்காது.

இன்னொன்று. எஸ்ஆர்-22ஐ மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தக் கடைப் பையன் சொல்லியிருந்தான். கலிஃபோர்னியாவில் மூன்று. டெக்சாஸில் இரண்டு வருஷம், அதுவும் தண்டனை பதிவான தேதியிலிருந்து. எனக்கு அதில் ஏழு மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தது.

டெக்சாஸ் இன்சூரன்ஸ் துறையில் ஆன்லைனில் புகார் கொடுக்கலாம், செலவில்லை. கொடுத்தேன். மோட்டார் கிளப்பின் 118 திரும்ப வந்துவிட்டது. ஏஜென்சி கட்டணம் 75க்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்கிறார்கள், அது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. குரூப்பில் அவனைப் பாராட்டி எழுதியிருந்ததை அழித்துவிட்டேன். அதைப் பார்த்து அந்தக் கடைக்குப் போனவர் யாராவது இருந்தால், உங்கள் டிக்ளரேஷன் பக்கத்தை இன்றே திறந்து பாருங்கள்.