கம்பஸா, கடனா, அமெரிக்காவா? மட்டக்களப்பிலிருந்து ஒரு கணக்கு

"மாமி, ஹார்வர்ட்ல காசில்லாத புள்ளையளுக்குச் சும்மா படிப்பிக்கிறாங்களாம், உண்மையா?" தம்பியின் மகள் போன கிழமை வந்து கேட்டாள். கணிதப் பிரிவில் ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டு றிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பிள்ளை. "உண்மைதான் மனே" என்றேன். ஆனால் அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது: அரச கம்பஸ், வட்டியில்லாக் கடனில் ஒரு தனியார் பட்டம், அமெரிக்காவின் பெரிய கல்லூரி. ஒரு வீட்டின் கஷ்டத்தை அங்கங்கே யார் அளக்கிறார்கள், எப்படி அளக்கிறார்கள் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அரச கம்பஸுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. வந்தாறுமூலையோ ஒலுவிலோ மொறட்டுவையோ, உள்ளே எடுக்கும்போது அப்பாவின் சம்பளத்தை ஒருவரும் கேட்பதில்லை. ஏ.எல் புள்ளியைச் சீராக்கி எடுக்கிற இசட் ஸ்கோரும் மாவட்டமும்தான் கணக்கு. பெரும்பாலான துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் இருக்கின்றன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நமது ஊர்களில் பல வீடுகளில் ஒரு டொக்டரோ எஞ்சினியரோ வந்திருக்க மாட்டார்கள். இதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் கோட்டாவின் கண்ணுக்கு மாவட்டம் தெரியும், அதை இரண்டு கரையாகப் பிரிக்கிற வாவி தெரியாது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், டவுனில், பின்னேரம் மூன்று ரியூசன் வகுப்புக்குச் சைக்கிளில் போய்வரும் பிள்ளையும், மேற்கே படுவான்கரையில் வெல்லாவெளிப் பக்கம் பௌதிகவியலுக்கு ஆசிரியர் கிடைக்காத பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளியில்தான் போட்டி போடுகிறார்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்தது. அதுவரை அந்த வழியால் வாவியைக் கடக்கப் 'பாதை' என்கிற மிதவைப் படகுதான். பாலம் வந்து தூரம் குறைந்தது, ஆசிரியர் பற்றாக்குறை குறையவில்லை.

உள்ளே போன பிறகுதான் கஷ்டத்தை அளக்கிற வேலை தொடங்கும். மகாபொல என்கிற மாணவர் உதவிப்பணம் 1981இல் வந்தது. 5,000 ரூபாவாக இருந்த மாதக் கொடுப்பனவு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. பேர்சரி என்கிற மற்ற உதவிப்பணம் 4,000இலிருந்து 6,500 ஆனது. வீட்டிலிருந்து வந்தாறுமூலைக்கு பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கும் அதே தொகை, கொழும்புப் பக்கம் மொறட்டுவையில் போடிங்கில் கிடக்கும் பிள்ளைக்கும் அதே தொகை. என் மூத்தவன் அங்கே படித்த காலத்தில் நான் மாதாமாதம் அனுப்பியதில் பாதிக்கு மேல் அறை வாடகைக்கே போனது. கடைசி வருடம் காப்பை அடகு வைத்தோம். அந்த அடகுத் துண்டு இன்னும் அலுமாரியில் இருக்கிறது.

அவனுக்கு மகாபொல கிடைக்கவில்லை. நான் ஆசிரியை, கணவர் அரச உத்தியோகம், இரண்டு சம்பள சிலிப். ஒரு ரூபாவைக்கூட மறைக்க வழியில்லை. அதே வருடம் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்குக் கிடைத்தது. காணி பாட்டன் பெயரில், நெல்லு விற்ற காசுக்கு ரசீதுத் துண்டு இல்லை, கிராம சேவகரின் கடிதத்தில் சிறிய தொகைதான். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு மாரிப் போகம் வெள்ளத்தில் போனால் அந்த வீடு என்ன பாடுபடும் என்று நானும் கண்டிருக்கிறேன். வருமானத்தைத் துண்டில் மட்டும் அளந்தால், துண்டு வைத்திருக்கிறவருக்குத்தான் தண்டனை என்பதுதான் என் ஆதங்கம்.

அமெரிக்கக் கல்லூரிகள் கேள்வியையே மாற்றிக் கேட்கின்றன. 'நீ ஏழையா' என்பதல்ல, 'உன் வீட்டால் எவ்வளவு தர முடியும்' என்பதுதான் கேள்வி. மொத்தச் செலவில் அதைக் கழித்து, மிச்சத்தைக் கல்லூரி போடுகிறது. ஹார்வர்டில் 2025-26க்கு ஒரு வருடச் செலவு ஏறக்குறைய 87,000 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்தாலும் 2 கோடி 60 இலட்சம். ஆனால் வருட வருமானம் 100,000 டொலருக்குக் கீழே, சொத்தும் சாதாரணமாக இருந்தால், வீடு ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நமது ஊரில் அநேகமாக எல்லா வீடும் அதற்குள் அடங்கும். பிரின்ஸ்டன் 2001இலேயே கடனை எடுத்துவிட்டு முழுவதையும் மானியமாகக் கொடுக்கத் தொடங்கியது. படிவமும் நுணுக்கமானது: வீட்டுப் பெறுமதி, கடன், சேமிப்பு, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எல்லாம் கேட்கும். என் சிலிப்போடு என் அடகுத் துண்டுக்கும் அங்கே ஓர் இடம் இருந்திருக்கும்.

சிக்கல் வாசலில் இருக்கிறது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, அம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்ற ஒரு சிலதான் வெளிநாட்டுப் பிள்ளையின் பண நிலையைப் பார்க்காமல் அனுமதி கொடுக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை உதவி கேட்பதையும் கணக்கில் எடுக்கும். உண்மையைச் சொன்னால் இடம் போகலாம். அந்தச் சிலவற்றிலும் ஹார்வர்ட் 100 விண்ணப்பத்துக்கு நாலு பேர் அளவில்தான் எடுக்கிறது. 2023இல் பொருளியலாளர் ராஜ் செட்டி குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. ஒரே பரீட்சைப் புள்ளி எடுத்த அமெரிக்கப் பிள்ளைகளில், மேல்தட்டு 1 வீதக் குடும்பத்துப் பிள்ளை இப்படியான கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று அது காட்டியது. பெயர்போன பல்கலைக்கழகங்கள் சில கூட்டாகச் சூத்திரம் வகுத்து உதவித் தொகையைக் குறைத்தன என்று 2022இல் வழக்கும் போட்டார்கள். 12 பல்கலைக்கழகங்கள் குற்றத்தை ஏற்காமலே ஏறத்தாழ 320 மில்லியன் டொலர் கொடுத்து அதிலிருந்து விலகின.

தனியார் பட்டத்துக்கு அரசின் வட்டியில்லாக் கடன் 2017இல் தொடங்கியது. வட்டி அரசின் தலையில், வாங்கிய கடன் பிள்ளையின் தலையில். கடனுக்கு உச்சவரம்பும் உண்டு, பிணையாளரும் வேண்டும். பிணைக்கு ஆள் பிடிக்கத் தெரிந்த வீட்டுக்கு இது வழி. அது இல்லாத வீட்டைப் பற்றி இந்தத் திட்டம் யோசிக்கவில்லை.

என் தீர்ப்பு இதுதான். ஆயிரம் பிள்ளைகளை நினைத்தால் நமது கம்பஸ்தான் நியாயமானது, வாசலில் எல்லாரிடமும் காசு கேட்காத இடம் அது. ஒரு பிள்ளையை நினைத்தால் அமெரிக்கக் கணக்குத்தான் நேர்மையானது. அந்தக் கணக்கில் ஒரு பங்கை மகாபொலவுக்குக் கொண்டு வரலாம்: தூரத்துக்கும் போடிங்குக்கும் ஏற்பத் தொகை கூடட்டும், கடனையும் சேர்த்துப் பார்க்கட்டும். அதற்கு டொலர் தேவையில்லை, படிவத்தில் நாலு கேள்வி கூடினால் போதும்.

மருமகளிடம் கம்பஸுக்கு முதலில் போடு என்றேன். அமெரிக்காவுக்கும் போடு, பண நிலையைப் பார்க்காத கல்லூரிகளுக்கு மட்டும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். கிடைத்தால் விசாவுக்கு 185 டொலரும் செவிஸ் என்கிற வெளிநாட்டு மாணவர் பதிவுக்கு 350 டொலரும் கையில் வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சனிக்கிழமை தம்பியின் சம்பள சிலிப்புகளைக் கொண்டு வருகிறாள். கடன் துண்டுகளையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.