சீறும் டரான்டுலா வாங்க நினைப்பவர்களுக்கு: அந்த வீடியோவை நம்பிக் காசு அனுப்பாதீர்கள்

கடந்த மார்ச் மாதம் 240 பவுண்டு கொடுத்து ஒரு டரான்டுலா, அதாவது முடி அடர்ந்த பெரிய சிலந்தி, வாங்கினேன். "முழுதாக வளர்ந்த பெண், கோலியத் பேர்ட்ஈட்டர், அசல் ப்ளோண்டி, இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் உங்களோடு இருக்கும்" என்று சொல்லி ஒருவர் விற்றார். ஆகஸ்ட் கடைசியில் அது செத்துப்போனது. அது பெண் இல்லை. கோலியத் சிலந்திகளில் அரிதான ப்ளோண்டி என்ற இனமும் இல்லை. விற்றவருக்கு அது தெரிந்தேதான் இருந்தது, ஏன் அப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதையும் எழுதுகிறேன். இங்கே பிரிட்டனில் நம் வீடுகளிலேயே பல்லி, பாம்பு, சிலந்தி வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் நாலைந்து பேரை எனக்குத் தெரியும். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

நான் வன்னியில் வளர்ந்தவன். பெரிய சிலந்தி வீட்டுக்குள் வந்தால் விளக்குமாற்றால் அடிப்பதைத் தவிர வேறு யோசனை எங்கள் வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. 2013-இல் மாங்குளம் பக்கத்தில் புலிச் சிலந்தி என்ற டரான்டுலாவில் ஒரு புதிய வகை கண்டுபிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது, கால்களை விரித்தால் மனித முகத்தளவு இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதை விவரித்த கட்டுரை வந்ததே பிரிட்டிஷ் டரான்டுலா சொசைட்டியின் இதழில்தான். எங்கள் ஊர்க் காட்டில் இருந்த ஒன்றைப் பற்றி இங்கே இருந்துதான் தெரிந்துகொண்டேன் என்பது மனதில் தங்கிவிட்டது. பிறகு மகளுக்கும் அதே ஆர்வம் தொற்றிக்கொண்டது. இரண்டு வருஷம் படித்து, சின்னதாக ஒரு சிலி ரோஸ் டரான்டுலா வளர்த்துப் பழகி, அப்புறம்தான் பெரியது ஒன்றுக்கு மனம் வந்தது. அதாவது ஒன்றும் தெரியாமல் போய் ஏமாறவில்லை. கொஞ்சம் தெரிந்திருந்தும் ஏமாந்தேன், அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

எங்களைப் பிடித்தது விற்றவர் காட்டிய ஒரு 18 விநாடி வீடியோ. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு சிலந்தி, பச்சைப் பிடி வைத்த பெயிண்ட் தூரிகை ஒன்று உள்ளே போகிறது, சிலந்தி முன்கால்களைத் தூக்குகிறது, உடனே ஸ்ஸ்ஸ் என்று சத்தம். முதல் தடவை கேட்கும்போது உடம்பு சிலிர்த்துவிடும். நானும் மகளும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். அந்த 18 விநாடியில் தூரிகை அதை ஏழு தடவை குத்துகிறது என்பதை நான் எண்ணிப் பார்த்தது சிலந்தி செத்த பிறகுதான்.

அந்தச் சத்தம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாற்றே அதை வைத்துத்தான். சிலந்திக்குத் தொண்டையும் இல்லை, குரலும் இல்லை. கோலியத் வகையில் முன்கால்களிலும், வாய்க்குப் பக்கத்தில் சின்னக் கைபோல இருக்கும் உறுப்பிலும், ஒன்றையொன்று பார்த்தபடி விசேஷமான முடிகள் இருக்கின்றன. 1995-இல் ஜர்னல் ஆஃப் சுவாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு இதை விளக்கியது: ஒரு பக்கத்து முடியிலுள்ள நுண்ணிய கொக்கிகள் மற்றப் பக்கத்து முடியில் சிக்கி, இழுபட்டு விடுபடும்போதுதான் சத்தம் வருகிறது. சப்பாத்தில் இருக்கும் வெல்க்ரோ பட்டியைப் பிய்ப்பது போல. சில மீட்டர் தள்ளி நின்றாலும் காதில் விழும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 'விசில் சிலந்தி' என்று சொல்லும் வகை வாயருகே உள்ள உறுப்புகளை உரசிச் சத்தம் போடுகிறது, கிழக்கு ஆப்பிரிக்காவின் கிங் பபூன் என்ற டரான்டுலாவும் சீறும். எல்லாம் ஒரே விஷயத்துக்குத்தான்: கிட்டே வராதே.

ஆணும் சீறும், பெண்ணும் சீறும். நோயுள்ளதும் சீறும். இந்தக் கோலியத் குடும்பத்தின் மற்ற இனங்களும் சீறும். ஆக அந்தச் சத்தத்தை வைத்து என்ன இனம், என்ன பால், என்ன வயசு, சுகமாக இருக்கிறதா என்று ஒன்றையுமே சொல்ல முடியாது. அதைத் தொந்தரவு செய்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும். நான் அதைக் கேட்டுவிட்டு "நல்ல தெம்பான சிலந்தி" என்று நினைத்தேன்.

விற்றவரிடம் வீட்டுக்கு வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வழியில் சந்திப்போம் என்றார். எம் 1 நெடுஞ்சாலையில் ஒரு சேவை நிலையத்தின் கார் தரிப்பிடத்தில் இருட்டும் நேரம் சந்தித்தோம். நல்ல குளிர். முகவரி கிடையாது, முழுப்பெயர் கிடையாது. அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் மகள் காரில் காத்துக்கொண்டிருந்தாள், ஒன்றரை மணி நேரம் ஓடி வந்திருந்தோம்.

பெண் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். இரண்டு காட்டினார். முதலாவது, சிப் போட்ட பையில் உரித்த சட்டை ஒன்று. டரான்டுலா சட்டை உரித்தால் அதன் உட்பக்கத்தில் பெண்ணுக்கு விந்தைச் சேமித்து வைக்கும் பை தெரியும், ஆணுக்கு அது இருக்காது, உறுதியாகச் சொல்ல அதுதான் வழி. கைபேசி வெளிச்சத்தில் விரித்துக் காட்டினார். பை தெளிவாக இருந்தது. "போன மாதம் உரித்தது" என்றார். இரண்டாவது, அவர் சொன்ன வார்த்தை: "வயசுக்கு வந்த ஆணுக்கு முன்காலில் கொக்கி இருக்கும், நீங்களே பாருங்கள், இதற்கு இல்லை." பார்த்தேன், கொக்கி இல்லை. பிறகு பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்து உள்ளே ஊதினார். சீறியது. காரிலிருந்து இறங்கி வந்த மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நான் காசை அனுப்பிவிட்டேன், அதுவும் பேபாலில் 'நண்பர் மற்றும் குடும்பம்' என்ற வழியில், ஏனென்றால் கட்டணம் மிச்சம் என்று அவர் கேட்டார். அந்த வழியில் அனுப்பும் காசுக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. இதை எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது, தெரியும், அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அது சரியாகச் சாப்பிடவே இல்லை. இரண்டு தடவை ஒரு கரப்பானைப் பிடித்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு இரவும் கண்ணாடி ஓரமாக நடந்துகொண்டே இருக்கும். பொந்து வைத்துக் கொடுத்தேன், 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈரமான மண் போட்டேன், அதற்குள் இருக்கவே இருக்காது. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பப் போனால் சீறும், நானும் "சரி, தெம்பு இருக்கிறது" என்று ஆறுதல் பட்டுக்கொள்வேன்.

ஜூன் மாதம் ஒரு கண்காட்சியில் முப்பது வருஷமாக டரான்டுலா வளர்க்கும் ஒரு அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். அவர் அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை. "இது வயசுக்கு வந்த ஆண், அந்தச் சின்னக் கையின் நுனியைப் பாருங்கள்" என்றார். நுனியில் குத்துச்சண்டைக் கையுறை போட்டது போல ஒரு குமிழ். ஆண் வயசுக்கு வந்தால் மட்டுமே வருவது. அப்போ கொக்கி? ப்ளோண்டி ஆணுக்கும், அதன் உறவான ஸ்டிர்மி ஆணுக்கும் கொக்கியே வருவதில்லை. இந்தப் பேரினத்தில் கொக்கி உள்ள ஆண் அபோபிசிஸ் என்ற இனத்துக்குத்தான். மற்றப் பல டரான்டுலாக்களுக்குக் கொக்கி வரும் என்பதால் என்னைப் போல அரைகுறையாகப் படித்தவனுக்கு அந்தப் பொய் அப்படியே பொருந்தும். வெறுமனே தெரியாமல் சொன்னவர் அந்தக் குமிழை மறைப்பது போல எல்லாப் படத்தையும் மேலிருந்தே எடுத்திருக்க மாட்டார்.

முழங்கால் மூட்டின் அடிப்பக்கத்தையும் அவர் பார்க்கச் சொன்னார். வளர்ந்த ப்ளோண்டிக்கு அங்கே முடி இருக்கும், ஸ்டிர்மிக்கு வழுவழுவென்று இருக்கும். என்னுடையது வழுக்கை. ஸ்டிர்மி 2010-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது, அதற்கு முன் இரண்டும் கலந்தே விற்கப்பட்டன. இன்று ப்ளோண்டி அரிது, விலையும் கூட, ஆகவே ஸ்டிர்மியை ப்ளோண்டி என்று விற்பது நடக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையிலிருந்த சட்டையை எடுத்து அளந்தேன். முதுகு ஓடு 38 மில்லிமீட்டர். உயிரோடு இருக்கும் சிலந்தியின் முதுகு ஓடு, கண்ணாடிக்கு வெளியே அளவுகோல் பிடித்துப் பார்த்தால், 30-கூட வரவில்லை. சட்டை உரித்த சிலந்தி அந்தச் சட்டையைவிடச் சின்னதாக இருக்கவே முடியாது. அது வேறு சிலந்தியின் சட்டை. இன்னொன்றும் கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது: போன மாதம் உரித்ததென்றால் வயிற்றில் முடி புதிதாக அடர்ந்து இருக்க வேண்டும், இதற்கோ ஒரு காசளவு வழுக்கை. பயந்தால் இந்தச் சிலந்திகள் பின்காலால் வயிற்று முடியை உதறிவிடும். எத்தனை பேருக்கு வீடியோ எடுக்க எத்தனை தடவை குத்தினாரோ, அந்த முடியெல்லாம் அப்படிப் போனதுதான்.

அந்த முடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்க் கம்பளிப்பூச்சிச் சுணையைவிட மோசம். "கையுறை ஒன்றும் தேவையில்லை" என்று சொல்லியிருந்தார். முதல் வாரமே மகளின் மணிக்கட்டு தடித்துச் சிவந்து நாலு நாள் அரித்தது. நல்லவேளை, அது கையோடு நின்றது. லீட்ஸில் ஒருவர் தொட்டியைக் கழுவும்போது டரான்டுலா உதறிய முடி அவர் கருவிழியில் குத்தி இருந்ததை மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதியிருக்கிறார்கள், அது கோலியத்கூட இல்லை, சாதுவென்று சொல்லப்படும் சிலி ரோஸ். கண்ணாடி போடாமல் தொட்டிக்குள் குனிய வேண்டாம், பிள்ளைகளை விடவே வேண்டாம்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் "இயற்கை, நான் என்ன செய்ய" என்றார். அளவுகோல் வைத்த படத்தை அனுப்பினேன், பைகள் மாறிப்போயிருக்கலாம் என்றார். காசைத் திருப்பித் தாருங்கள் என்றேன், மேற்கொண்டு எழுத முடியாதபடி என்னைத் தடுத்துவிட்டார். இங்கே 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் முதுகெலும்புள்ள பிராணிகளுக்குத்தான், சிலந்தி அதற்குள் வராது. வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் கைகொடுக்கும், சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பலாம். தனி ஆளிடம் வாங்கினாலும், சொன்ன விவரம் பொய்யென்றால் வழக்குப் போடலாம். ஆனால் யார் மேல்? என்னிடம் ஒரு புனைபெயரும் ஒரு கார் தரிப்பிடமும்தான் இருந்தன.

பெண் கோலியத் பதினைந்து, இருபது வருஷம் வாழும். ஆண் வயசுக்கு வந்தபின் அதிக நாள் இருப்பதில்லை. சாப்பிடாமல், இரவெல்லாம் பெண்ணைத் தேடி நடந்தே தேய்ந்துபோகும். எங்களுடையது செய்ததும் அதைத்தான், நான் நோய் என்று நினைத்து மண்ணையும் வெப்பத்தையும் மாற்றி மாற்றி அதை இன்னும் அலைக்கழித்திருக்கிறேன். அதை நிம்மதியாக ஒரு மூலையில் விட்டிருந்தாலே போதும். கடைசி வாரம் சீறவும் இல்லை. கால்களை உள்ளே மடக்கிக் கிடந்ததை முதலில் பார்த்தது மகள்தான்.

வாங்குவதாக இருந்தால் சீறும் வீடியோ கேட்காதீர்கள், சாப்பிடும் வீடியோ கேளுங்கள். கண்ணாடி வழியாக அடிப்பக்கம் தெரியும்படி, அளவுகோலோடு, அந்தச் சின்னக் கைகளின் நுனி தெரியும்படி படம் கேளுங்கள். சட்டையைக் காட்டினால் அதையும் சிலந்தியையும் ஒன்றாக வைத்து அளக்கச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் இல்லாமல், பாதுகாப்பில்லாத வழியில் ஒரு பென்ஸ்கூட அனுப்பாதீர்கள். கிங் பபூன் போல ஆப்பிரிக்க, ஆசிய வகைகளைச் சீறுவதற்காகவே தேடுபவர்கள் இன்னும் கவனம், அவற்றுக்கு உதற முடி கிடையாது, சீறலுக்குப் பிறகு கடிதான், விஷமும் கடுமை. நம் பக்கத்துப் புலிச் சிலந்திகளை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் பத்திரங்களைக் கேளுங்கள், 2019 முதல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் என்ற, உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது.

போன வாரம் வேறு பெயரில் ஒரு விளம்பரம் பார்த்தேன். "முழுதாக வளர்ந்த பெண், சத்தமாகச் சீறும்." வேறு சிலந்தி, மூடியில் அதே விரிசல் உள்ள பெட்டி, அதே பச்சைப் பிடித் தூரிகை. அதன் வயிற்றிலும் முடி பாதிதான் இருக்கிறது.