பள்ளி மானியம்: கையெழுத்துப் போடுபவளின் ரிவ்யூ

மிக்சிக்கும் பிரியாணிக் கடைக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், இதற்கும் ஒன்று எழுதலாமே என்று தோன்றியது. எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. மகள் மூன்றாம் வகுப்பு. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுவதால், மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் எங்கே போகிறது என்று பைசா சுத்தமாகத் தெரியும்.

தொகை தலைக்கணக்குப்படிதான். 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கும் மேலே ஒரு லட்சம். வருடம் முழுவதுக்கும் இவ்வளவுதான். எங்கள் பள்ளியில் 28 பேர். மூன்று பிள்ளைகள் கூடுதலாக இருந்தால் 15,000 ரூபாய் அதிகம் வந்திருக்கும். அதனால் ஜூன் மாதம் டீச்சரும் நானும் வீடு வீடாகப் போய், வேன் வைத்து அழைத்துப் போகும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியோடு மல்லுக்கட்டிப் பார்த்தோம், ஒருத்தர்தான் சேர்ந்தார், அதற்குள் ஒரு குடும்பம் திருப்பூருக்குப் போய்விட்டது, பழையபடி 28.

சரி, 10,000 எதற்கு ஆகிறது? பத்து சதவீதமாவது சுகாதாரத்துக்கு என்பது விதி. ஃபினாயில், விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், சோப்பு எல்லாம் சேர்த்து அந்த ஆயிரம் எங்களுக்கு ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. சாக்பீஸ், பதிவேடுகள், டியூப்லைட், குழாய் வாஷர் என்று மிச்சமும் கரைந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் மோட்டார் காயில் எரிந்துவிட்டது. ரீவைண்டிங் கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு டீச்சர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் பாதி மானியத்தில், மீதி டீச்சர் கையிலிருந்து. அந்த மீதிக்கு ஏது வவுச்சர்?

உண்மையில் கடுப்பாக்குவது வேறு. 2018-க்கு முன்னால், இதற்கு முந்தைய திட்டமான சர்வ சிக்ஷா அபியான் காலத்தில், தொடக்கப் பள்ளிக்குப் பள்ளி மானியம் 5,000, மூன்று வகுப்பறை வரை உள்ள கட்டடத்துக்குப் பராமரிப்பு மானியம் 5,000. கூட்டினால் அதே பத்தாயிரம்! இத்தனை வருடத்தில் விளக்குமாறு விலைகூட ஏறிவிட்டது.

டெலிவரி? மோசம். எங்களுக்குப் போன முறை மார்ச் நெருங்கும்போதுதான் வந்தது, வந்த கையோடு மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயனீட்டுச் சான்று கொடு என்றார்கள். ஜூன் முதல் கடனாக வாங்கிய மளிகைக் கடை பில்லை அப்போதுதான் அடைத்தோம். மேலே டெல்லிக்கும் சென்னைக்கும், மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பிஎம்ஸ்ரீயில் தமிழ்நாடு சேராததால் சண்டை வேறு, 2024-25க்கு சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி நின்றுபோனது. இந்தத் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்பது பங்கு. 60 வராவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் கடைக்காரர் அண்ணனிடம் சொல்லிப் புரியவைக்க முடியுமா?

நல்லதையும் சொல்ல வேண்டும். என்ன வாங்குவது என்று குழு கூடித்தான் தீர்மானிக்கிறோம், பணம் கடைக்காரர் கணக்குக்கே நேராகப் போகிறது, கையில் ரொக்கம் புரள்வதில்லை. நன்கொடையாளர்களும் வருகிறார்கள், ஆனால் கேட்டால் ஸ்மார்ட் வகுப்பறை தருவேன் என்பார்கள், ஃபினாயிலில் யார் பெயர் எழுதிக்கொள்வது?

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இன்னொரு அரை போடலாம் என்றுதான் இருந்தேன், நேற்று மோட்டார் மறுபடி நின்றுவிட்டது.