ஐந்தாவது படியில் ஜெயித்தேன், 120 ரூபாய் குறைந்தது

இலங்கை மலையகத்தில் எங்கள் அட்டன் பக்கம் பொடியன்கள் நிறையப் பேர் இப்போது போனில் "படி" போடுகிறார்கள். பஸ்ஸிலும் டீக்கடையிலும் லயத்து வாசலிலும் காதில் விழுகிறது: "மச்சான், நான் இப்ப நாலாவது படியில நிக்கிறேன்." போன வருஷம் நானும் அப்படி நின்றவன்தான். எட்டாவது படி வரை ஏறி 92,000 ரூபாயை விட்டேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

படி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: 200 ரூபாய் வைக்கிறோம். தோற்றால் அடுத்தது 400. அதுவும் போனால் 800, பிறகு 1,600. எப்போது ஜெயித்தாலும் போனதெல்லாம் திரும்பி, மேலே கொஞ்சம் லாபமும் வரும் என்பார்கள். ஜெயித்ததும் மறுபடி 200க்கு இறங்க வேண்டும். மார்ட்டிங்கேல் என்று இதற்குப் பழைய பெயர் உண்டு. எனக்கு இதை 5,000 ரூபாய்க்கு விற்ற "அண்ணன்" தன் சொந்தக் கண்டுபிடிப்பு என்றுதான் சொன்னார்.

காசைக் கட்டியதும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார், பந்தயத் தளத்துக்கு ஒரு லிங்க் தந்தார். "இந்த லிங்க்ல மட்டும்தான் கணக்குத் திறக்கணும் தம்பி" என்று மூன்று தடவை சொன்னார். ஏன் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பந்தயம் புட்பால் போட்டிகளில்: மூன்று கோலோ அதற்கு மேலோ விழுமா, விழாதா. இரண்டு பக்கமும் 1.90. அதாவது 100 வைத்து ஜெயித்தால் 190 கையில் வரும்.

முதல் மாதம் நன்றாகத்தான் போனது, அதை மறைக்கவில்லை. தினமும் இரண்டு மூன்று சுற்று. 61 சுற்று ஜெயித்து ஒன்பதாயிரத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது. நான் வேலை செய்யும் ஹார்ட்வெயார் கடையில் பத்து நாள் மூட்டை தூக்கினால் வரும் காசு, கம்பளிக்குள் படுத்துக்கொண்டே வந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

நடுவில் ஒரு நாள் நான்கு தோல்விக்குப் பிறகு ஐந்தாவது படியில் 3,200 வைத்து ஜெயித்தேன். கணக்கைப் பார்த்தால் சுற்று ஆரம்பிக்கும்போது இருந்ததைவிட 120 ரூபாய் குறைவு! சிமெந்து பில் எழுதும் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நான்கு படியில் போனது 3,000. 3,200ஐ 1.90க்கு வைத்தால் லாபம் 2,880தான். ஆக ஜெயித்தும் நஷ்டம். அண்ணனிடம் கேட்டேன். "அது தெரிஞ்ச விசயந்தான் தம்பி. அஞ்சாவதுல இருந்து ரெண்டரை மடங்கு போடுங்க" என்றார். தெரிந்த விசயம் என்றால் 5,000 வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே. அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டியவன், "நம்மாளு எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்காரு" என்று நம்பிக்கை கூடிப்போனேன்.

பிறகு அந்த வாரம் வந்தது. 200, 400, 800, 1,600 போனது. புதுக் கணக்குப்படி 4,000, 10,000, 25,000. அதுவும் போனது. ஏழு படியில் 42,000. அதில் பத்தாயிரம் கூட்டாளியிடம் வாங்கிய கடன். எட்டாவது படிக்கு 62,500 வேண்டும். "எட்டாவது படி வரைக்கும் தோத்த ஆளே நம்ம குழுவுல கிடையாது. இப்ப நிறுத்துனா 42ம் போச்சு" என்று அண்ணன் குரல் அனுப்பினார்.

அம்மாவிடம் தங்கச்சியின் கிளாஸ் பீஸ், கடைப் பாக்கி என்று பொய் சொல்லிச் சங்கிலியை வாங்கினேன். மூன்று நாளில் மீட்டுத் தருகிறேன் என்றேன். அம்மா ஒன்றும் கேட்காமல் கழற்றித் தந்தார். அட்டன் டவுனில் அடகு வைத்து 60,000 எடுத்தேன், மிச்சத்தைக் கையிலிருந்து போட்டேன். போட்டி நம் நேரத்துக்கு இரவு ஒன்றரைக்கு. 62,500 என்று அடித்தால் தளம் ஏற்கவில்லை. அந்தப் போட்டிக்கு உச்ச வரம்பு 50,000 என்று சிவப்பில் ஒரு வரி. படிக்கணக்கு முழுவதும் "எப்போதும் அடுத்த படி போட முடியும்" என்பதில்தான் நிற்கிறது. நம் கையிலும் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் தளம் விடாது. சரியென்று 50,000 வைத்தேன். ஜெயித்தால் லாபம் 45,000, முன்னால் விட்ட 42,000 போக 3,000 மிஞ்சும். மூன்றாவது கோல் விழவில்லை. வெளியே பனி. பக்கத்துக் காம்பராவில் யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள்.

92,000 ரூபாய். 2024ல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350. அந்தக் கணக்கில் அம்மாவுக்கு 68 பேர், அதாவது 68 நாள் வேலை. பறித்த கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழும் நாட்களைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

"உனக்கு நேரம் சரியில்லை" என்றார்கள். நேரத்தில் ஒன்றுமில்லை. வைத்த காசுக்கு இரட்டிப்பாகத் தரும் நேர்மையான பந்தயம் என்றே வைத்துக்கொள்வோம். எட்டும் வரிசையாகத் தோற்க 256ல் ஒரு வாய்ப்பு. மீதி 255 சுற்றிலும் தலா 200 ஜெயித்தால் 51,000. அந்த ஒரு சுற்றில் போவது 200லிருந்து 25,600 வரை கூட்டினால் அதே 51,000. ஒரு ரூபாய் கூடாது, குறையாது. தினமும் வந்த சில்லறை எல்லாம் அந்த ஒரு நாளுக்கு நான் பட்டுவந்த கடன். அதுவும் நேர்மையான பந்தயத்தில். 1.90ல் இரண்டு பக்கமும் நூறு நூறு வைத்தால் 200 போட்டு 190 எடுப்போம். பத்து ரூபாய் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் தளத்துக்கு. படி பெரிதாகப் பெரிதாக அந்தப் பத்தும் பெரிதாகும்.

"ஏழு தடவை விழல, எட்டாவது விழுந்தே ஆகணும்" என்ற பேச்சும் உண்டு. 1913ல் மொண்டி கார்லோ சூதாட்ட மண்டபத்தில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ரூலெட் சக்கரத்தில் பந்து வரிசையாக 26 தடவை கறுப்பில் விழுந்தது. அடுத்தது சிவப்பு, அடுத்தது சிவப்பு என்று கூட்டிக் கூட்டி வைத்தவர்கள் பெருந்தொகையை விட்டார்கள். முன்னால் நடந்தது பந்துக்கு ஞாபகம் இருக்காது.

இப்போது "சமநிலைப் படி" என்று இன்னொன்று விற்கிறார்கள்: 1, 1, 2, 3, 5, 8, 13 என்று, முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்தது வரும் ஃபிபனாச்சி வரிசையில், போட்டி சமநிலையில் முடியும் என்று வைப்பது. படி தாழ்வு, அவ்வளவுதான். புட்பாலில் ஏறக்குறைய நான்கில் ஒரு போட்டிதான் சமநிலையில் முடியும். அப்படியானால் பத்துப் போட்டி வரிசையாகச் சமநிலை இல்லாமல் போக ஏறக்குறைய 18ல் ஒரு வாய்ப்பு. அதற்குள் முதலில் வைத்ததைப் போல 143 மடங்கு காசு போயிருக்கும்.

தாத்தா ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா குதிரை ரேசுக்குப் போவார். பத்து ரூபாய் வைப்பார், தோற்றால் பத்து ரூபாய் போய்விட்டது என்று பாட்டியிடம் ஏச்சு வாங்குவார். தோற்ற பத்தைப் பிடிக்க இருபது வைத்ததில்லை.

கணக்கில் மிஞ்சிய 12,500ஐ எடுக்கப் போனேன். போடும்போது மூன்று நிமிடம். எடுக்க அடையாள அட்டைப் படம், வங்கிப் புத்தகப் படம், முகப்படம் என்று கேட்டு 19 நாள் இழுத்தார்கள். அந்த நாட்களில்தான் தளத்தின் நிபந்தனைகளை முழுக்கப் படித்தேன். லிங்க் கொடுத்து ஆள் சேர்ப்பவருக்கு, சேர்ந்தவர் தோற்கும் காசில் பங்கு. நான் ஜெயித்தால் அண்ணனுக்கு ஒன்றுமில்லை. இதைக் குழுவில் போட்டேன். ஐந்து நிமிடத்தில் என்னைத் தூக்கிவிட்டார். இரண்டு நாள் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து ஒருத்தர், "போன காசை மீட்டுத் தரலாம், 7,500 கட்டணம்" என்றார். நான் விட்ட தொகை ரூபாய் சுத்தமாக அவருக்குத் தெரிந்திருந்தது. நல்லவேளை, கட்டவில்லை.

இதில் மாட்டித் தூக்கமில்லாமல் இருப்பவர்கள் 1926க்கு அழைக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் எண். நான் அழைக்கவில்லை, அக்காவிடம் சொல்லி அழுதேன். அம்மாவிடம் அக்காதான் சொன்னாள். சங்கிலி இன்னும் அடகில்.

போன வாரம் தலவாக்கலைக் கூட்டாளி ஒருத்தன் "இது நல்ல குழுவாடா?" என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். குழுப் பெயர் புதுசு, தேதி புதுசு. காட்டியிருந்த லாபம் எனக்கு அண்ணன் காட்டிய அதே தொகை. மேல் மூலையில் பேட்டரியும் அதே 14 சதவீதம்.